பீரோவில் ஏறி மேலே போன பெண்

உலகத்தில் எந்தப் பொருளையும் முதல் தடவையிலேயே 'சரி' என்று ஒத்துக்கொள்ளாத ஒரே மனுஷி ரிஜெக்ட் அக்காதான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கடவுள் தன் படைப்புகளை டிரேயில் அடுக்கி அக்காவின் மேஜைக்கு அனுப்பியிருந்தால், பாதிக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பிப் போயிருக்கும். ஒட்டகம் நிச்சயமாகப் போயிருக்கும். நானும் போயிருப்பேன்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷாம்பு பாட்டிலுக்கு மூடி செய்கிற ஒரு கம்பெனி. அதன் ஸ்டோரில் நான் இரண்டு வருடம் குப்பை கொட்டினேன். அக்கா அங்கே குவாலிட்டி. ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி, கோட்டுப் பையில் இரண்டு ஸ்டிக்கர் சுருள்கள். பச்சை என்றால் ஓகே, சிவப்பு என்றால் ரிஜெக்ட். சிவப்புச் சுருள் வாரத்துக்கு ஒன்று காலியாகும். பச்சைச் சுருள் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எவ்வளவு தடிமனாக இருந்ததோ, ஒரு வருடம் கழித்தும் அதே தடிமனில் இருந்தது.

மூடியை எடுப்பார். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். பிறகு மிஷின்காரனைப் பார்த்து, கோபமே இல்லாமல், "இன்னொரு வாட்டி" என்பார். இந்த இரண்டு சொல்லைக் கேட்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறிய மிஷின்காரர்கள் உண்டு.

பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்கவில்லை. கேண்டீன் பொங்கலில் மிளகு ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தது என்று பொங்கல் பாத்திரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். கம்பெனி பஸ் வில்லியனூரில் பிரேக் போட்ட விதம் சரியில்லை என்று டிரைவர் முதுகில் ஒட்டினார். அவர் அதோடு வீட்டுக்குப் போய், மனைவி பார்த்து, அவர்கள் குடும்பத்தில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. சின்ன வயதில் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான் திரும்பினார்களாம். ஒருவருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. ஒருவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை விளிம்பில் வைத்தார். கடைசியாக வந்தவரிடம் குறை எதுவும் இல்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அரியூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு வீடு, அதில் அக்கா, அக்காவின் அம்மா, ஐந்து கோழிகள். அவ்வளவுதான் குடும்பம்.

இந்த அக்கா ஒரு திங்கட்கிழமை ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார். நான் வழக்கம்போல் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று எழுந்து நின்றேன்.

"தம்பி, உன் கால காட்டு."

காட்டினேன். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ.

"நடந்து காட்டு."

நடந்தேன். சிமென்ட் தரையில் டக் டக் என்று சத்தம் வந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"போதும். நீதான் ஹீரோ. ஹாலிவுட்டு படம் எடுக்கறன்."

விஷயம் இதுதான். அக்கா ஐந்தாறு வயதுப் பெண்ணாக இருந்தபோது, அவர்கள் ஊர் மாதா கோயிலில் ஒரு பிரெஞ்சுக்காரப் பங்குச் சாமியார் இருந்தார். பாண்டிச்சேரியிலிருந்து புரொஜெக்டரும் நாலைந்து தகர டப்பாக்களில் ஃபிலிமும் கொண்டுவந்து, பள்ளிக்கூடச் சுவரில் வேட்டியைக் கட்டி, ஒரு சாயங்காலம் படம் காட்டினார். ஹாலிவுட் படம். ஆட்டமும் பாட்டுமாக ஒரு காதல் கதை. கரும்பு வெட்டிவிட்டு நேரே வந்த அக்காவின் அம்மா, மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் வாழ்க்கையில் முழுசாக உட்கார்ந்து பார்த்த படம் அது ஒன்றுதான். முழுசாக என்று சொல்வதும் தப்பு, அதுதான் பிரச்சினையே.

கதாநாயகன் சுவரொட்டி ஒட்டுகிறவன். கதாநாயகி ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற பெண். லிஃப்ட் என்றால் என்ன என்று ஊரில் அப்போது யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரச் சீமையில் ஒரு பெண் பீரோவுக்குள் குடியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளைப் பார்ப்பதற்காகவே இவன் பீரோவில் ஏறி மேலே போகிறான், கீழே வருகிறான், ஷூ சத்தத்தோடு ஆடுகிறான். பிறகு ஏதோ சண்டை. அவள் அழுதுகொண்டே கதவைச் சாத்துகிறாள். பீரோ மேலே போய்விடுகிறது. டப்பா தீர்ந்தது.

சாமியார் கடைசி டப்பாவை மாட்டினார். திரையில் ஒரு வெள்ளைக்காரர், நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு நடுவே. கோழிக்கு ஊசி போட்டார். தீவனம் வைத்தார். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். படம் முடிந்தது.

ஊர் ஜனங்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பாவம், காதலி பீரோவோடு மேலே போய்விட்ட துக்கத்தில் பையன் கோழிப் பண்ணை வைத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். சட்டை மாறியிருந்ததையும் முகம் மாறியிருந்ததையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் மனுஷன் மாறத்தான் செய்வான்.

டப்பா மாறிப்போன விஷயம் அக்காவுக்குப் பத்தாவது படிக்கும்போதுதான் தெரிந்தது. சாமியாரே சிரித்துக்கொண்டு சொன்னார். காதல் படத்தின் கடைசி ரீல் வேறெங்கோ போய்விட்டது. கோழிப் படம் விவசாயிகளுக்கான விளக்கப் படம். அக்கா அம்மாவிடம் போய்ச் சொன்னார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாக, பாத்திரம் விளக்கும்போது, நாற்று நடும்போது, சும்மா இருக்கும்போது, திடீர் திடீரென்று ஒரே கேள்விதான்.

"மேல போன பொண்ணு எறங்குனாளா இல்லியாடி?"

இப்போது அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று அடம். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, பார்க்காதது அந்தப் பெண் இறங்கியதை மட்டும்தான், அதையும் இனிமேல் யார் காட்டப்போகிறார்கள் என்றார். அக்கா அவசரத்தில் வாயை விட்டுவிட்டார். "நான் காட்டறன், வா." அந்த ஒரு வாக்கை நம்பி அம்மா வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். கட்டு அவிழ்த்ததும் மகளைப் பார்த்து முதலில் கேட்டது, "எங்க படம்?" என்றுதான். இடது கண் முற்றிப்போய்விட்டது, இரண்டு மாதத்துக்குள் செய்யாவிட்டால் பார்வை திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்துக் கொடுத்தார். அம்மா அசையவில்லை.

"ஒரு கண்ணு உன் பேச்சக் கேட்டுக் குடுத்துட்டன். இன்னொண்ணு என்னுது. அவ எறங்குனாளா இல்லியான்னு காட்டு, அப்பறம் தறன்."

ஆக, அக்காவின் கையில் இருந்தது இரண்டு மாதம். போகப்போவது அம்மாவின் ஒரு கண்.

"அக்கா, செல்லுல தேடினா அந்தப் படமே கெடைக்குமே" என்றேன், கதாநாயகன் ஆவதிலிருந்து தப்பிக்கும் எண்ணத்தில்.

"பேரு தெரியாதே. சாமியாரு பிரெஞ்சுல சொன்னாரு. அதையும் தும்மிக்கினே சொன்னாரு."

தேடினோம். டூல் ரூம் பாபு என்று ஒருவன், செல்போன் விஷயத்தில் கம்பெனிக்கே குரு. லிஃப்ட், காதல், பாட்டு என்று அவன் போட்டுத் தேடியதில் ஆயிரம் படம் வந்தது. ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றையும் ரிஜெக்ட் செய்தார். இது அவள் இல்லை. இது அவன் மூக்கு இல்லை. இந்தப் பீரோவுக்குக் கண்ணாடி இருக்கிறது, அந்தப் பீரோவுக்கு இல்லை. எட்டாம் நாள் போனைப் பாபுவிடம் கொடுத்துவிட்டு, "நான் சொன்னன்ல, நாமளே எடுத்துடலாம்" என்றார். ஏதோ கேண்டீனில் நாமே டீ போட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரிதான் சொன்னார்.

கதாநாயகியாக மூன்றாம் லைன் சுமதி. கரியமாணிக்கத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அழச் சொன்னால் அந்த நிமிடமே அழுவாள். மூடி குறைந்தால் சூப்பர்வைசர் முன்னால் அழுது பழகிய அழுகை. கதாநாயகிக்கு வெள்ளை கவுன் வேண்டும். அக்கா தன் வெள்ளைக் கோட்டையே கழற்றிக் கொடுத்து, இடுப்பில் பேக்கிங் பெல்ட்டைக் கட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கவுன்தான். பக்கத்தில் பார்த்தால் பையில் ஸ்டிக்கர் சுருள் தெரியும். பீரோவுக்கு ஸ்கிராப் யார்டில் கிடந்த ஒற்றைக் கதவு பீரோ. கேமராவும் எடிட்டிங்கும் பாபு. கதை, வசனம், பாட்டு, இயக்கம், ரிஜெக்ட் எல்லாம் அக்கா.

கதாநாயகனும் கதாநாயகியும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்பதுதான் முதல் சிக்கல். எனக்கு ஏ ஷிஃப்ட் என்றால் சுமதிக்கு பி ஷிஃப்ட். அடுத்த வாரம் எனக்கு பி, அவளுக்கு ஏ. நான் காலையில் வேலை பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறும்போது அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவாள். ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் ஹெச்.ஆர். காரணம் கேட்டார். "காதல் பாட்டு எடுக்கணும் சார்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அக்கா மனம் தளரவில்லை. டூயட்டைத் தனித்தனியாக எடுத்தார். நான் ஏ ஷிஃப்ட் முடிந்து பாலெட் தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டு ஆடினேன். சுமதி பி ஷிஃப்ட் டீ இடைவேளையில் தீயணைப்பு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆடினாள். இரண்டையும் பாபு ஒட்டினான். என் வரிக்கு வெயில் கொளுத்தியது, அவள் வரிக்கு மழை ஊற்றியது. தாளத்துக்கு மோல்டிங் மிஷின் சத்தம். அது நின்று நிதானமாக 'டுஸ்ஸ்… டக்' என்று வரும். பாட்டு அக்கா எழுதியது.

'ஏறிப்போன பீரோவே, எறக்கிவிட்டாக் கொறையாடா,
எங்கிட்ட ஒரு கொறையிருந்தா எடுத்துச் சொன்னாத் தீராதா.'

சுமதி இதைப் படித்துவிட்டு, "இன்னாக்கா, பாட்டுலயும் குவாலிட்டி செக்கா?" என்றாள். அக்கா சிரிக்கவில்லை.

பீரோ மேலே போகிற காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஃபோர்க்லிஃப்டில் வைத்துத் தூக்கலாம் என்றான் பாபு. சேஃப்டி விதி புத்தகத்தை வரி வரியாக அறிந்தவர் அக்கா. "ஆளு ஏறக்கூடாதுன்னு போர்டு கீதுல்ல? ரிஜெக்ட்" என்றார். அப்படியானால் எப்படி? பீரோ தரையிலேயே நின்றது. பாபு ஸ்டூலில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினான். பார்க்கும்போது பீரோ மேலே போவது போலவே இருந்தது. ஆனால் பாபு குந்திய வேகம் சரியில்லை, நடுவில் முட்டி சொடக்கு விட்டது, பீரோ ஒருமுறை குலுங்கியது. "இன்னொரு வாட்டி." அன்றைக்கு பாபு முப்பது தடவைக்கு மேல் குந்தினான். மறுநாள் அவன் மெடிக்கல் லீவு.

"ஹாலிவுட்டுல அம்பது வாட்டி எடுப்பாங்களாம்டா, ஒருத்தன் மொகம் சுளிக்க மாட்டானாம்" என்று அக்கா அவனுக்கு போனில் ஆறுதல் சொன்னார்.

என் ஷூ ஆட்டத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. இரும்பு முனை இரண்டு தடவை என் மற்றொரு காலின் மேலேயே விழுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படியே ஒன்றரை மாதம் ஓடியது. சண்டை எடுத்தாயிற்று, அழுகை எடுத்தாயிற்று, பீரோ மேலே போயாயிற்று. பாக்கி இருந்தது அந்தப் பெண் இறங்கி வருகிற காட்சி. அக்காவும் பார்க்காத காட்சி, யாரும் பார்க்காத காட்சி. அக்கா ஒரு வாரம் யோசித்தார். கோழி வேண்டாம், அது தப்பான டப்பா. பீரோ கீழே வர வேண்டும். கதவு திறக்க வேண்டும். அவள் இறங்க வேண்டும், இவன் கையைப் பிடிக்க வேண்டும், சுற்றிலும் ஊரே ஆட வேண்டும். இந்தக் காட்சியில் மட்டும் இருவரும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். தள்ளுவண்டியை வைத்து ஒப்பேற்ற முடியாது.

எங்கள் கம்பெனியில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஏ ஷிஃப்ட் வெளியே வரும். பி ஷிஃப்ட் பஞ்ச் அடிக்க இரண்டு பத்து வரை சலுகை உண்டு. அந்தப் பத்து நிமிடம் மிஷின்களை ஜெனரல் ஷிஃப்ட் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். கேட்டுக்கு வெளியே இரண்டு பஸ்கள் எதிரெதிரே நிற்கும். இரண்டு ஷிஃப்டும், நானும் சுமதியும் உட்பட, ஒரே இடத்தில் நிற்கிற நேரம் அது ஒன்றுதான். அக்கா எல்லோரிடமும் போய்ப் பேசினார். பொங்கலுக்கு ஸ்டிக்கர் வாங்கிய கேண்டீன் மாஸ்டர் முதல் முதுகில் வாங்கிய பஸ் டிரைவர் வரைக்கும் ஆட ஒப்புக்கொண்டார்கள். ஒரிசாவிலிருந்து வந்த பையன்கள் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கே ஆச்சரியம்தான். இத்தனை பேரை ஆட்டிவைத்த மனுஷிக்காக இவர்கள் ஆடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. "கண்ணு மேட்டராச்சேப்பா" என்றார் டிரைவர்.

வெள்ளிக்கிழமை. சைரன் ஊதியது. ஏ ஷிஃப்ட் ஓடி வந்தது. பீரோவைப் பாலெட் தள்ளுவண்டியில் வைத்துக் கேட் ஓரமாகத் தள்ளினோம். உள்ளே சுமதி. மூடி செய்கிற கூட்டம், வலைத் தொப்பியும் நீலச் சட்டையுமாகச் சுற்றி நின்றது. பாபு போனை உயர்த்தினான். பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் ஆடினார்கள். உண்மையாகவே நன்றாக ஆடினார்கள். நான் டக் டக் என்று நடந்து போய் பீரோ முன்னால் கையை நீட்டினேன்.

கதவு திறக்கவில்லை.

உள்ளே இருந்து சுமதி தட்டினாள். நான் கைப்பிடியைத் திருகினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மணி இரண்டு ஐந்து. இரண்டு ஏழு. செக்யூரிட்டி விசில் ஊதினார். பி ஷிஃப்ட் ஆட்கள் ஆடிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"ஏய், தெறங்கடா, எனக்கு ஆப்சென்ட் விழும்டா" என்று பீரோ கத்தியது.

சேஃப்டி ஷூவால் ஓங்கி ஓர் உதை விட்டேன். வாழ்க்கையில் அந்த ஷூ செய்த ஒரே உருப்படியான வேலை அது. கதவு விலகியது. வியர்த்து வழிந்து, முகம் சிவந்து சுமதி இறங்கினாள். என் கையைப் பிடிக்கவில்லை. நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். "போடா" என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டு பறக்க, பஞ்ச் அடிக்க ஓடினாள். பின்னாலேயே பி ஷிஃப்ட் முழுவதும் ஓடியது.

தெருவில் நானும் காலி பீரோவும் நின்றோம். அக்கா மெதுவாக நடந்து வந்தார். இரண்டாவது தடவை எடுக்க முடியாது. பீரோ கதவு உடைந்துவிட்டது, இன்னொரு நாள் கேட்டில் ஆட செக்யூரிட்டி விடமாட்டார், ஆஸ்பத்திரி தேதி அடுத்த வியாழக்கிழமை. பாபு போனை நீட்டினான். அக்கா வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், தலையைச் சாய்த்தார், பார்த்தார். "இன்னொரு வாட்டி"க்காக நாங்கள் காத்திருந்தோம்.

அக்கா பச்சைச் சுருளை எடுத்து, நுனி ஒட்டிப்போயிருந்ததை நகத்தால் கிளப்பி, ஒன்றைக் கிழித்து, போனின் முதுகில் ஒட்டினார்.

"எறங்கிட்டால்ல. போதும்" என்றார்.

புதன்கிழமை காலையில் படம் வெளியீடு, அக்காவின் வீட்டு டி.வி.யில். நான் அந்த வாரம் பி ஷிஃப்ட், அதனால் காலையில் போக முடிந்தது. அக்காவும் பாபுவும் லீவு போட்டார்கள். சுமதிக்கு ஏ ஷிஃப்ட், அவள் வரவில்லை. கோட்டை மட்டும் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஆபரேஷன் ஆன கண்ணால் பார்த்தார். மகள் யாருக்குப் பிறந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதே சாய்த்த தலை.

நான் ஆடியதைப் பார்த்தார். பீரோ மேலே போனபோது வாய் கொஞ்சம் திறந்தது. கேட்டில் எல்லோரும் ஆடியபோது முன்னால் சாய்ந்தார். கதவு திறந்தது. சுமதி இறங்கினாள், குத்தினாள், ஓடினாள். படம் முடிந்தது. அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ எங்கடி எறங்குனா?"

"கம்பெனி கேட்டுலம்மா."

"அங்க எறங்கி இன்னா பண்றது? அவன்தான் அங்க இல்லியே."

"இல்லம்மா, தோ நிக்கிறான் பாரு, இவன்தான்."

"அவன் கோழிப் பண்ணையிலதான கீறான். எத்தினி வருசமா அங்க ஒண்டியா கெடக்கறான். அவ எறங்கி வந்தா அங்கதான வரணும்."

அக்காவுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அது வேற படம்மா. டப்பா மாறிப் பூட்ச்சு. சாமியாரே சொன்னாரு, எத்தினி வாட்டி சொல்றது?"

"சாமியாருக்கு இன்னாடி தெரியும்? அவரு கல்யாணம் கட்டாதவரு."

அம்மா கட்டிலில் படுத்துச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்கி நான் வர்ல. இது சரியில்ல" என்றார் சுவரிடம்.

முப்பது வருடமாக ஊரையே ரிஜெக்ட் செய்த மனுஷி, ரிஜெக்ட் ஆகி நின்றதை அன்றுதான் பார்த்தேன். வாதாடவில்லை. டி.வி.யை அணைத்தார். அறை நடுவில் நின்று எதையோ யோசித்தார். பிறகு ஒரு தீர்மானத்தோடு கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, பின்னால போ. கோழிங்க கீது. தீவனம் எடுத்துக்கோ. பாபு, நீ கெணத்தாண்ட நின்னு எடு."

"சுமதி இல்லியேக்கா" என்றான் பாபு.

"தெரியும்."

மடித்து வைத்த வெள்ளைக் கோட்டை எடுத்துப் புடவை மேல் மாட்டிக்கொண்டார். அவருடைய கோட்டுதான். ஆனால் இடுப்பில் பேக்கிங் பெல்ட்டைக் கட்டியபோது வேறு யாருடைய உடுப்பையோ போடுகிற மாதிரி கூச்சப்பட்டார். வலைத் தொப்பியை எடுத்துவிட்டார். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. நான் அதுவரை கவனித்ததில்லை.

அம்மாவைக் கட்டிலோடு தூக்கிப் பின்வாசல் பந்தல் நிழலில் வைத்தோம். நான் ஐந்து கோழிகளுக்கு நடுவே குந்தி, அரிசி நொய்யை இறைத்துக்கொண்டு, பல வருடம் ஒண்டியாகக் கிடந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கோழிகள் என்னை நம்பவில்லை. ஒன்று ஷூ நாடாவைக் கொத்தியது. பின்கதவு சாத்தியிருந்தது.

பாபு கையசைத்தான். கதவு திறந்தது. அக்கா வெள்ளை உடுப்பில் வாசற்படியில் நின்றார். வெளிச்சம் கண்ணில் பட்டுக் கொஞ்சம் தயங்கினார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு படி இறங்கினார். இன்னொரு படி இறங்கினார். கோழிகள் விலகின. நடந்து வந்து, எனக்குப் பக்கத்தில் புடவையை ஒதுக்கிக் குந்தி, என் கையிலிருந்த நொய்யில் பாதியை வாங்கி இறைத்தார்.

கட்டிலில் அம்மா இடது கண்ணை மூடியிருந்த கையை இன்னும் இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்த்தார்.

"வந்துட்டா" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அக்கா குந்தியபடியே திரும்பிப் பார்த்தார். என் இரண்டு வருடத்தில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"சரியா கீதாம்மா?"

அம்மா கையை நீட்டிக் கதவைக் காட்டினார்.

"இன்னொரு வாட்டி வா. பாக்கறன்."

அக்கா எழுந்து உள்ளே போனார். கதவு மூடியது. திறந்தது. இறங்கி வந்தார். "இன்னொரு வாட்டி" என்றார் அம்மா. மறுபடி உள்ளே போனார், மறுபடி வந்தார். தப்பு என்ன என்று அக்கா கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. எந்தத் தப்பும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கோழிகள்கூடப் பழகிவிட்டன, மூன்றாம் தடவைக்குப் பிறகு விலகவில்லை. ஆறாவது தடவை வரும்போது அக்கா அழுதுகொண்டிருந்தார், எட்டாவது தடவை வரும்போது சிரித்தார். பதினோராவது தடவைக்கு அம்மா கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டு, "வுடு, பசிக்கிது" என்றார்.

மறுநாள் இடது கண்ணும் ஆயிற்று. பிறகு இரண்டு கண்ணாலும் முழுப் படத்தையும் பார்த்தவர், பையனின் ஆட்டம் மட்டும் சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அக்கா அதைச் சிவப்பு ஸ்டிக்கரில் எழுதி ஸ்டோர் ஜன்னலில் ஒட்டினார்.

நான் வேலையை விட்டுச் சில வருடம் ஆகிறது. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார், கோட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்வி. சுமதியிடமிருந்து எப்போதாவது குறுஞ்செய்தி வரும். புது மேனேஜர் முதுகில் அக்கா சிவப்பு ஒட்டிவிட்டாராம்.

படத்தில் ஓடுவது கடைசித் தடவை எடுத்தது. மற்ற பத்தையும் அழித்துவிடட்டுமா என்று பாபு அன்றே கேட்டான். வேண்டாம், எனக்கு அனுப்பு என்றேன். நான் போன் மாற்றும்போதெல்லாம் முதலில் ஏற்றிக்கொள்வது, அக்கா அந்தப் படியில் பதினொரு தடவை இறங்கி வருவதைத்தான்.